நோராவின் உறுதிச் சொல்லும் எங்கள் அழைப்புப் பயணமும்

சம்பந்தியோடு ஒரே வண்டியில் நெடுந்தூரம் போவது உறவுக்கு நல்லதன்று என்று எங்கள் பக்கத்தில் சொல்வார்கள். ஏன் என்று யாரும் விளக்கியதில்லை. என் மகள் கயல் மணக்கவிருந்த ஷேமஸின் தாயார் நோரா, அயர்லாந்தின் மேற்குக் கரையிலிருந்து திண்டிவனம் வந்து இறங்கிய மறுநாளே, "பத்திரிகை வைக்கப் போகும்போது நானும் வருகிறேன்" என்றார். எனக்கு அந்த எச்சரிக்கை நினைவுக்கு வந்தது. ஆனால் விருந்தாளியைத் தனியே வீட்டில் விட்டுப் போவது அதைவிடப் பெரிய பிழை. எனவே இருவரும் புறப்பட்டோம்.

நோரா பள்ளிகளில் ஐரிஷ் மொழி கற்பித்து ஓய்வு பெற்றவர். நான் கல்லூரியில் நெடுங்காலம் தமிழ் இலக்கணம் நடத்தியவள். எங்களுக்குப் பொதுவான மொழி ஆங்கிலம். இருவருக்கும் அது மாமியார் வீடு போன்றது. பழகிவிட்டது, ஆனாலும் பிறந்த வீடு ஆகாது. இங்கே நோரா பேசுவதாக வருவதெல்லாம் என் மொழிபெயர்ப்பு.

பத்திரிகை வைப்பது என்னவோ பலருக்கு. என் மனம் முழுதும் ஒருவரிடத்தில்தான் இருந்தது. கயலின் அப்பா இறந்து சில ஆண்டுகள் ஆகின்றன. அவர் இடத்தில் நின்று மகளின் கையைப் பிடித்துக் கொடுக்க வேண்டியவர், பனமலை அடிவாரத்தில் பயிர்செய்து வாழும் அவருடைய அண்ணன். எங்கள் வழக்கில் எனக்கு அவர் மூத்தார். நான் அழைப்பது மாமா என்று. "பெரியப்பா வந்து நிக்கணும்மா. அவரு வரலைன்னா அந்த எடம் காலியாவே இருக்கட்டும், வேற யாரையும் நிக்க வெக்காத" என்று கயல் தீர்மானமாகச் சொல்லியிருந்தாள். மாப்பிள்ளை அயல்நாட்டுக்காரர் என்பதை நான் தொலைபேசியில் தெரிவித்தபோது மூத்தார் "ம்" என்றார். அதன்பின் இணைப்பு அறுந்தது, அல்லது அறுக்கப்பட்டது. அந்த "ம்"மை நான் பல நாள் பல கோணங்களில் ஆராய்ந்தேன். நான் கற்பித்த இலக்கணங்கள் எதிலும் அதற்கு விளக்கம் இல்லை.

முதல் நாள் காலை திண்டிவனத்து உணவகம் ஒன்றில் பொங்கல் சாப்பிட்டோம். நோரா ஒவ்வொரு மிளகாகத் தேடி எடுத்து இலையின் ஓரத்தில் வரிசையாக அடுக்கினார். முடித்தபின், "இவற்றைச் சமையலறைக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டுமா?" என்று கேட்டார். வாடகைக் காரின் ஓட்டுநர் ஏழுமலை எதிர் மேசையிலிருந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். "மொளகே ஆவாது போலக்கீது. நம்ம ஊரு மீன் கொழம்பு காட்டுனா இன்னா ஆவாங்களோ" என்று கவலைப்பட்டார்.

அந்தக் காரைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். அதன் பின்கதவுகள் உள்ளிருந்து திறவா. வெளியிலிருந்து ஏழுமலை வந்து திறந்தால்தான் நாங்கள் இறங்க முடியும். நோரா இதை மரியாதை என்று புரிந்துகொண்டு, ஒவ்வொரு முறையும் அவருக்கு நன்றி சொன்னார். ஏழுமலையும் அது மரியாதைதான் என்பதுபோல் தலைகுனிந்து ஏற்றுக்கொண்டார்.

முதல் வீடு, என் கணவரின் சித்தப்பா மகள் சரோஜாவுடையது. வெற்றிலை, பாக்கு, பழம், குங்குமம், பத்திரிகை எல்லாம் வைத்த தாம்பாளத்தை நான் எடுத்து நீட்டப்போகையில் சரோஜா என் கையை மெல்லப் பற்றினாள்.

"அண்ணி, தப்பா நெனச்சுக்காதீங்க. தட்ட நீங்களேவா நீட்டப் போறீங்க? நான் ஒண்ணும் பாக்கறதில்ல. ஆனா போற எடத்துல எல்லாரும் என்னாட்டமே இருப்பாங்களா?"

கணவனை இழந்தவள் கையால் மங்கல அழைப்பு வைப்பதில்லை என்பது எங்கள் பக்கத்து வழக்கம். நான் அதை மறந்துவிடவில்லை. தட்டு நீட்டுவதற்கென்றே என் தம்பியும் அவன் மனைவியும் உடன் வருவதாக ஏற்பாடு. "கண்டிப்பா வந்துர்றோம்க்கா" என்று முந்தின நாளும் சொல்லியிருந்தார்கள். அன்று காலை வரவில்லை.

சரோஜாவின் பார்வை நோராவின் மீது நம்பிக்கையோடு திரும்பியது. "இவங்க வீட்டுக்காரரு?"

"அவரும் இல்ல, சரோஜா."

வாசலில் காரின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்த ஏழுமலையை அவள் எட்டிப் பார்த்தாள். "தம்பி, உனக்குக் கல்யாணம் ஆயிடுச்சா?"

"ஆயி ரெண்டு புள்ளைங்க கீதுங்கக்கா."

"பொண்டாட்டி?"

"வீட்ல கீறா." பிறகு சற்றே கலக்கத்துடன், "நல்லாத்தான் இருந்தா. ஏங்கக்கா, ஃபோன் எதுனா வந்துச்சா?"

இவ்வாறாக, கையைக் கழுவிக்கொண்டு வந்த ஏழுமலை எங்கள் குடும்பத்தின் சார்பில் அழைப்பு வைப்பவர் ஆனார். சரோஜா தட்டை அவரிடமிருந்து வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "கண்டிப்பா குடும்பத்தோட வர்றோம் அண்ணி" என்றாள்.

காரில் ஏறியதும் நோராவுக்கு இதையெல்லாம் விளக்கினேன். கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் நரைத்த தலையை ஒரு கையால் தடவிக்கொண்டார். "இளமையில் என் கூந்தல் செக்கச் சிவந்திருந்தது. காலையில் படகுக்குப் போகும் மீனவர்கள் எதிரே செந்நிறக் கூந்தல் பெண் வந்துவிட்டால் அன்றைக்குக் கடலுக்குப் போகமாட்டார்கள், வீடு திரும்பிவிடுவார்கள். மழைக்காலத்தில் சில சோம்பேறிகள் என் வீட்டு வாசலிலேயே காத்துக்கிடந்ததுண்டு, நான் எப்போது வெளியே வருவேன் என்று."

பிறகு அவர் கேட்டது, தட்டை வாங்கியதும் சரோஜா சொன்ன முதல் சொல்லைப் பற்றி. கண்டிப்பாக என்றால் ஐயமில்லாமல், உறுதியாக என்றேன். நோராவின் முகம் மலர்ந்தது. தம் மொழியில் அதற்கு நிகரான பெயரடையைச் சொன்னார். நம் எழுத்தில் ஏறக்குறைய "கீன்ச்ச" என்று வரும். கீஞ்ச என்று எழுதினால் நம் வாய் அதைக் கொஞ்சிவிடும். அவர் சொன்னது கல்லில் உளி பட்டாற்போல் வல்லோசையாக இருந்தது.

கூட்டேரிப்பட்டு வரும்வரை பாடம் நடந்தது. தீர்மானி, முடிவு செய் என்று பொருள்படும் ஒரு வினையிலிருந்து பிறந்த சொல் அது. ஆகவே அடியில் "முடிவு செய்யப்பட்ட" என்றே பொருள். ஐரிஷ் மொழியில் பெயரடைகள் பெரும்பாலும் பணிவுள்ளவை. ஒட்டி நிற்கும் பெயர் பெண்பாலா, பன்மையா என்று பார்த்து ஈறு மாற்றிக்கொள்ளும். இந்தச் சொல்லின் ஈறு மட்டும் யாருக்காகவும் மாறாது. பெண்பால் பெயரை ஒட்டி வந்தால் முதலெழுத்து கொஞ்சம் மெலியும், அவ்வளவுதான். ஒப்பிட்டுச் சொல்லும்போதும், "மேலும் உறுதியான" என்பதற்குக்கூட, அதே வடிவம்தான். "உறுதி என்று பெயர் வைத்துக்கொண்டு ஆளுக்கேற்றபடி உருமாறினால் நன்றாகவா இருக்கும்?" என்றார் நோரா.

அவர்கள் மொழியில் ஆம், இல்லை என்ற சொற்கள் கிடையாவாம். வருவாயா என்றால் வருவேன் என்றோ வரமாட்டேன் என்றோ வினையையே திருப்பிச் சொல்ல வேண்டும். நாமும் அப்படித்தானே என்றேன். ஏழுமலையைச் சான்றுக்கு அழைத்து, "சாப்ட்டியா ஏழுமலை?" என்று கேட்டேன். "சாப்ட்டேன் டீச்சர், ஆனா டீ குடிக்கல" என்று சாலையோரக் கடை ஒன்றில் வண்டியை நிறுத்தினார்.

அங்கே அவித்த மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, வாங்கினோம். நோரா அதன் ஓட்டோடு கடிக்கப் போனதைத் தேநீர்க் கடைக்காரர் பாய்ந்து தடுத்தார். உரித்துத் தின்னக் கற்றபின் நோரா பேச்சை நிறுத்திவிட்டார். மடியெல்லாம் ஓடு குவிந்தது. பயணத்தில் இலக்கணம் ஓய்ந்தது அந்தச் சிறு பொழுதில்தான்.

இரண்டாம் நாள் விழுப்புரம். நகரின் வெயில் காரின் கூரைமீது ஏறி எங்களோடு வந்தது. ஏழுமலை முதல் நாள் பெற்ற பதவிக்குள் முழுதாக நுழைந்துவிட்டிருந்தார். வெள்ளைச் சட்டை போட்டு, நெற்றியில் விபூதி பூசியிருந்தார். தட்டை நீட்டும்போது சொல்லவென்று ஒரு வாசகமும் தயாராக வைத்திருந்தார்: "எங்க வீட்டுக் கல்யாணம். மொத நாளே குடும்பத்தோட வந்து நின்னு நடத்திக் குடுக்கணும்." நான் இவ்வளவு நயமாக எவரையும் அழைத்ததில்லை.

நயம் மிகுந்தால் அவசரமும் மிகும். என் பழைய சக ஆசிரியை ஒருத்தியின் தெருவில் வண்டி நின்றது. எங்கள் கதவைத் திறக்க மறந்த ஏழுமலை, முன்னிருக்கையில் இருந்த தட்டைத் தூக்கிக்கொண்டு நேராக ஒரு வீட்டுக்குள் போய்விட்டார். நானும் நோராவும் கண்ணாடிக்குள் அகப்பட்ட மீன்களைப் போல உட்கார்ந்திருந்தோம். உள்ளே அவர் வாசகத்தைச் சொல்வது மங்கலாகத் தெரிந்தது. ஒரு தம்பதி எழுந்து நின்று தட்டை வாங்கினார்கள். அவர்களுடைய பிள்ளைகள் காரை எட்டிப் பார்த்து எங்களுக்குக் கையசைத்தன. நாங்களும் அசைத்தோம். அந்த முகங்களில் ஒன்றைக்கூட நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

"அடுத்த வீடு, ஏழுமலை" என்றேன், அவர் திரும்பி வந்து கதவைத் திறந்ததும்.

"அப்டியா? ஆனா நல்ல மனுசங்க டீச்சர். எந்த ஊரு, யாரு, எவருன்னு ஒண்ணும் கேக்கல. கண்டிப்பா வர்றோம்ன்னாங்க." திரும்பப் போய்ப் பத்திரிகையைக் கேட்டு வாங்கிவரட்டுமா என்றார். வேண்டாம் என்றேன். மங்கல அழைப்பைத் திருப்பி வாங்கும் வழக்கம் இன்னும் எங்கள் பக்கம் ஏற்படவில்லை.

அன்று பிற்பகல் வளவனூர் போகும் வழியில் கரும்பு ஏற்றிய டிராக்டர் ஒன்று சாலையை அடைத்துக்கொண்டு நகர மறுத்தது. அதன் பின்னால் ஊர்ந்து, என் பெரியம்மா மகன் சண்முகத்தின் வீட்டை அடைந்தோம். சண்முகம் எங்களைக் கண்டதும் நாற்காலிகளைத் தட்டிப் போட்டான். ஏழுமலையிடமிருந்து தட்டை வாங்கி, "கண்டிப்பா, கட்டாயம், நிச்சயமா வர்றோம்க்கா. நம்ம கயலு கல்யாணம், நாங்க இல்லாமயா?" என்றான். அதே நேரத்தில் சமையலறையிலிருந்து அவன் மனைவி தொலைபேசியில் யாருக்கோ சொல்லிக்கொண்டிருந்தது எல்லாருக்கும் கேட்டது: "அன்னிக்கித்தான்டி நாங்க திருப்பதி போறோம். ஆமா, டிக்கெட்லாம் எடுத்தாச்சு. முடி எறக்கணும்." சண்முகம் எங்களைப் பார்த்தான். நாங்கள் சுவரில் மாட்டியிருந்த நாட்காட்டியைப் பார்த்தோம். அவன், "காப்பி சாப்டுறீங்களா, ஜூஸா?" என்று கேட்டான்.

திரும்பும் வழியில் நோராவுக்கு இதை மொழிபெயர்க்க எனக்கு வெட்கமாக இருந்தது. மங்கலக் காரியத்துக்கு அழைக்க வந்தவரிடம் வரவில்லை என்று சொல்வது அபசகுனம்; ஆகையால் எல்லாரும் கண்டிப்பாக என்றுதான் சொல்வார்கள்; அதைப் பொய் என்று யாரும் எடுத்துக்கொள்வதில்லை என்று சுற்றிவளைத்து விளக்கினேன்.

நோரா சிரிக்கவில்லை. ஓர் ஆசிரியைக்குரிய அக்கறையோடு யோசித்தார். "எங்கள் மொழியில் 'இரு' என்பதற்கு இரண்டு வினைகள். ஒன்று இப்போதைய நிலையைச் சொல்வது: களைத்திருக்கிறேன், பசியாக இருக்கிறேன், உறுதியாக இருக்கிறேன். மற்றது ஒன்று இன்னது என்று அறுதியிடுவது: இது உண்மை, வருவார்கள் என்பது உறுதி. அதே பெயரடை இரண்டிலும் வரும். நான் உறுதியாக இருக்கிறேன் என்றால், பசியைப்போல அதுவும் ஒரு நிலை. சாப்பிட்டால் பசி போய்விடும் அல்லவா? உங்கள் சண்முகம் அந்தக் கணத்தில் உண்மையிலேயே உறுதியாகத்தான் இருந்தார். பாவம், சமையலறைக் கதவு திறந்திருந்தது."

ஏழுமலைக்கு நான் இதைத் தமிழில் சொன்னேன். அவர், "அப்ப அவங்க ஊர்லயும் நம்ப முடியாதுன்றாங்க" என்றார்.

மூன்றாம் நாள் பனமலை. முறைப்படி பார்த்தால் குடும்பத்தில் மூத்தவருக்குத்தான் முதலில் போய் அழைப்பு வைத்திருக்க வேண்டும். அச்சத்தால் நான் அதைக் கடைசிக்குத் தள்ளியிருந்தேன். வழியில் உள்ள ஊர்களை முடித்துவிட்டுப் போவதுதான் வசதி என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். அன்றும் கால் பின்வாங்கியது. மலைமேல் இருக்கும் பல்லவர் காலத்துக் கோயிலைப் பார்க்க வேண்டும் என்று நோரா சொன்னதும், "முதலில் அதைப் பார்த்துவிடலாமே" என்றேன். அவரே என் அவசரத்தைக் கண்டு வியந்தார்.

பாறையில் ஏறும் வழியில் பாதி தூரத்தில் என் முழங்கால்கள் ஒத்துழைக்க மறுத்தன. உட்கார்ந்துவிட்டேன். நோரா என் அருகில் அமர்ந்து, தீர்மானி என்று பொருள்படும் அந்த வினைக்கு இன்னொரு பக்கமும் உண்டு என்றார். அவர்கள் மேற்கு வட்டாரத்தில் அதனோடு ஒரு சின்ன உருபைச் சேர்த்து, "அது என்னை வென்றுவிட்டது, என்னால் ஆகவில்லை" என்று சொல்வார்களாம். "உறுதி பிறந்த அதே அடியில்தான் இயலாமையும் பிறந்திருக்கிறது. இந்த மலைக்கு அதைச் சொல்லலாம்." கீழே ஏரி விரிந்து கிடந்தது. கரையோர வயல்களில் ஒன்று மூத்தாருடையது. எனக்கு அந்தச் சொல் மலைக்குத் தேவைப்படவில்லை.

அவர் வீட்டு வாசலில் வண்டி நின்றபோது மூத்தார் வெளியே கட்டிலில் உட்கார்ந்திருந்தார். வெள்ளை வேட்டி, தோளில் துண்டு. எழுந்து நோராவைக் கும்பிட்டார். பிறகு என்னைப் பார்த்தார்.

"காலைலேர்ந்து உக்காந்துக்கினு கீறேன். மலை மேல வெள்ளையா ஒண்ணு அசஞ்சிது, கொக்குன்னு நெனச்சேன். பக்கத்துல நீ. கல்லையெல்லாம் பாத்தாச்சா? ஊரையெல்லாம் பாத்தாச்சு, கல்லையும் பாத்தாச்சு, கடசியா நாங்க."

அதைத் தன் பணிக்கான அழைப்பு என்று கருதிய ஏழுமலை தட்டோடு முன்னே வந்தார். "எங்க வீட்டுக் கல்யாணம். மொத நாளே குடும்பத்தோட வந்து நின்னு..."

"யாருப்பா நீ?"

ஏழுமலை வாசகத்தில் அந்தக் கேள்விக்கு இடம் இல்லை. "டிரைவருங்க."

"எங்க வூட்ல எப்போ பொறந்த?"

தட்டு நடுவில் நின்றது. ஏழுமலையால் நீட்டவும் முடியவில்லை, இழுக்கவும் முடியவில்லை. நான் குரலைத் தாழ்த்தி, "மாமா, நான் நீட்டக் கூடாதுன்னுதான். அவருக்குக் கல்யாணம் ஆயிருக்குது, அதனால..." என்றேன்.

"யாரு சொன்னது?"

"யாரும் தப்பாச் சொல்லல மாமா. வழக்கம்தானே."

மூத்தார் கட்டிலில் மறுபடி உட்கார்ந்தார். நோராவைக் காட்டி, "இவங்க வூட்டுக்காரரு கீறாரா?" என்று கேட்டார்.

"இல்ல மாமா. போயிட்டாரு."

"உங்க அக்கா போயி எத்தினி வருசமாச்சு?" அக்கா என்றது தம் மனைவியை. பதிலுக்குக் காத்திராமல் தொடர்ந்தார். "அவ போனப்பறம் என் ரெண்டு பசங்க கல்யாணத்துக்கும் நான்தான் ஊரு ஊராப் போயிப் பத்திரிகை வெச்சேன். சொந்தம் பந்தம் எல்லாம் கை நீட்டி வாங்கினாங்க. டிரைவரைக் கூட்டினு வான்னு ஒருத்தனும் சொல்லல. இங்க கீற மூணு பேரும் ஒத்தை ஆளுதான். எனக்கு மட்டும் எங்கேர்ந்து வந்துச்சு தனிச் சட்டம்?" பிறகு ஏழுமலையைப் பார்த்தார். "நீ ஒருத்தன்தான் ஜோடி ஆளா? நல்லா இரு. தட்ட அதுங்கிட்ட குடுத்துட்டு உள்ளப் போயி மோர் குடி."

ஏழுமலை தட்டை என் கையில் வைத்துவிட்டுப் போன வேகம், மூன்று நாள் சுமையை இறக்கியவருடையது.

தம்பி மனைவியாகத்தான் மூத்தாருக்கு நான் அறிமுகமானேன். அதன்பின் எத்தனையோ ஆண்டுகள் அதே வீட்டு மருமகள். அவர் முன்னால் நேராக நின்று பேசியதுகூட இல்லை. இப்போது தட்டை ஏந்திக்கொண்டு அவர் எதிரே நின்றேன். வாசகம் எதுவும் எனக்கு வரவில்லை. "வரணும் மாமா" என்று மட்டும் சொன்னேன். அவர் எழுந்து, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, இரு கைகளாலும் வாங்கினார்.

"பாக்கலாம்" என்றார்.

அத்துடன் கல்யாணப் பேச்சு முடிந்தது. கேப்பைக் கூழும் வெங்காயமும் வந்தன. நோரா இரண்டாம் முறை கேட்டு வாங்கிக் குடித்தார். தங்கள் ஊர் ஓட்ஸ் கஞ்சிக்கு இது அக்காள் முறை என்றார். மூத்தார் அதற்கு, "அவங்க ஊர்ல நெல்லு வெளையுமா?" என்று கேட்டார். விளையாது என்றதும், பரிதாபத்தோடு மேலும் ஒரு கரண்டி ஊற்றச் சொன்னார்.

காரில் நோரா கேட்டார், "கடைசியில் அவர் என்ன சொன்னார்?" பார்க்கலாம் என்றார் என்றேன். நோரா சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "எங்கள் ஊரில் பார்க்கலாம் என்றால் வரமாட்டார் என்று பொருள்."

"எங்கள் ஊரிலும்" என்றேன்.

திருமணம் திண்டிவனத்தில். நோரா மண்டப வாசலில் பட்டுப் புடவையில் நின்று வருவோர் மேல் பன்னீர் தெளித்தார். சிலர் நனைந்தே போனார்கள். கண்டிப்பாக வருவதாகச் சொன்னவர்களில் பலரை நான் தேடினேன். சரோஜா வந்துவிட்டாள். என் தம்பியும் வந்தான், காரணங்களோடு. கட்டாயம், நிச்சயம் இரண்டையும் சேர்த்துச் சொன்ன சண்முகம், மூன்று சொற்களையும் வளவனூரிலேயே விட்டுவிட்டு மொட்டை போடப் போய்விட்டான். அழைப்பைச் சொன்ன சொல் மாறாமல் நிறைவேற்றியவர்கள் விழுப்புரத்துத் தவறான வீட்டார். பிள்ளைகளோடு முதல் நாள் மாலையே வந்து, குத்துவிளக்கு ஒன்றைப் பரிசளித்து, முன்வரிசையில் அமர்ந்திருந்தார்கள். நாங்கள் எந்த வழியில் உறவு என்பதை அவர்கள் கடைசிவரை கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

மூத்தாரைக் காணவில்லை.

மணமகள் அறையில் கயல் கண்ணாடியிலிருந்தே என்னைக் கேட்டாள். "பெரியப்பா?"

"வந்துக்கினே இருப்பாரு."

"கண்டிப்பாவா?"

அந்த மூன்று நாளில் அந்தச் சொல் எனக்குச் சொல்ல வராததாகிவிட்டிருந்தது. அவள் கழுத்தணியைச் சரிசெய்தேன். ஏற்கெனவே சரியாகத்தான் இருந்தது.

அப்போது சமையல்காரர் ஈரக் கையோடு வாசலில் வந்து நின்றார். "அம்மா, ஒரு பெரியவரு பின்பக்கமா வந்து உக்காந்துக்கினு ஒரே பேஜாரு. சாம்பாருல புளி ஜாஸ்தின்றாரு. அரிசி நாறுதுன்றாரு. நான் போட்டதக் கொட்டுன்னுட்டு, அவரு கொண்டாந்த மூட்டையப் பிரிக்கச் சொல்றாரு."

பின்கட்டுக்கு ஓடினேன். குட்டியானை என்று நாங்கள் சொல்லும் சிறு சுமை வண்டி ஒன்று அங்கே நின்றது. அரிசி மூட்டைகளுக்கு நடுவில், முக்காலியில், மூத்தார்.

"வாசல் வழியா வரக் கூடாதா மாமா? எல்லாரும் அங்க வழி பாத்துக்கினு கீறோம்."

"அந்தம்மா பன்னீர் அடிச்சினு நிக்குது. மூட்டையோட அங்க வந்தா அரிசி நனையாதா? நம்ம வயல்ல வெளஞ்சிது. வந்தவனுக்கு நம்ம சோறு போடாம, கடை அரிசியப் போட்டு அனுப்புவியா?"

மணமேடையில் கயல் அவரைக் கண்டதும் அழுதாள். மூத்தார், "மை அழியும், சும்மா இரு" என்றார். ஷேமஸ் அவர் காலில் விழ, "இவன் நம்ம ஆளுங்கள விடக் குனிவானாட்டம் கீது" என்று அவர் சொன்னது நோராவுக்கு மொழிபெயர்க்கப்பட்டது. தாரை வார்க்கும் நேரம் வந்தது. கயலின் கையை ஷேமஸின் கைமேல் வைத்து, இரண்டையும் மூத்தார் தம் உள்ளங்கையில் தாங்கினார். ஐயர் நிமிர்ந்து பார்த்தார்.

"தண்ணி ஊத்த உங்க சம்சாரத்தைக் கூப்பிடுங்கோ."

"அவ இல்ல."

"அப்ப சுமங்கலியா யாராவது ஒருத்தர்..." ஐயரின் பார்வை கூட்டத்தில் அலைந்தது. சரோஜா புடவையைச் சரிசெய்துகொண்டு பாதி எழுந்தாள்.

"பெத்தவ எதிர்ல நிக்கறா. அவ ஊத்துவா" என்றார் மூத்தார்.

ஐயர் ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

"நேரம் ஓடுதுங்க. ஜல்தி மந்தரத்தச் சொல்லுங்க."

சரோஜா உட்கார்ந்தாள். மண்டபத்தில் மேளம் இன்னும் தொடங்கவில்லை. நான் சொம்பை எடுத்தேன். நீர் நிறைந்த சொம்பு எவ்வளவு கனம் என்று அன்றுதான் தெரிந்தது. சாய்த்தேன். அவசரத்தில் மிகவே சாய்ந்துவிட்டது. நீர் மூவர் கைகளிலும் விழுந்து, மூத்தாரின் மணிக்கட்டில் வழிந்து, சட்டைக் கைக்குள் ஓடி, மாப்பிள்ளையின் புது வேட்டியை நனைத்தது.

"பொறுமையா ஊத்தும்மா" என்றார் மூத்தார். "ஏரி மதகத் தொறந்தாப்ல ஊத்தற."

பொறுமையாக ஊற்றினேன். சொம்பு காலியாகும்வரை அவர் கையை எடுக்கவில்லை.